கண்டிப்பா வந்துர்றோம்

நரியூத்துக்குப் போகிற மலைப்பாதையில் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள், வேன் ஏறி முடிக்க ஐம்பது நிமிடம், யாராவது வாந்தி எடுத்தால் ஒரு மணி நேரம் என்றுதான் ஜெயக்கொடி தன் நோட்டில் எழுதி வைத்திருந்தாள்; பாவம், அவளுக்குத் தெரிந்த பாதை அதுதான். தங்கச்சி நாகஜோதியின் கல்யாணத்துக்கு ஆட்களை மலைக்கு மேலே கொண்டுபோய்ச் சேர்க்கும் பொறுப்பு அவள் தலையில் விழுந்திருந்தது. பொறுப்பென்றால் சும்மாவா? மதுரையிலும் திண்டுக்கல்லிலும் திருப்பூரிலும் சிதறிக் கிடக்கிற சொந்தத்தை எல்லாம் ஒரு வெள்ளிக்கிழமை விடியலில் வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டில் திரட்டி, மூன்று வேன்களில் ஏற்றி, தலைசுற்றல்காரர்களை ஜன்னலோரம் உட்காரவைத்து, ஒருவருக்கொருவர் பேச்சுவார்த்தை இல்லாதவர்களை வேறு வேறு வேனில் பிரித்துப் போட்டு, தாய்மாமனுக்கு முன்சீட்டை ஒதுக்கி, எட்டு மணி முகூர்த்தத்துக்கு ஒரு மணி நேரம் முன்பாகவே மாப்பிள்ளையோடு சேர்த்து மேலே இறக்கியாக வேண்டும். வனத்துறை செக்போஸ்ட் ஆறு மணிக்குத்தான் திறப்பார்கள், அதற்கு முன்னால் ஒரு சைக்கிளைக்கூட விடமாட்டார்கள். ஜெயக்கொடி திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றில் பேக்கிங் சூப்பர்வைசர். பெட்டிகளை நேரத்துக்கு லாரி ஏற்றி அனுப்புகிறவளுக்கு மனிதர்களை ஏற்றி அனுப்புவது என்ன பெரிய காரியம் என்று நினைத்துக்கொண்டாள்.

கல்யாணத்தைக் கீழேயே ஒரு மண்டபத்தில் வைத்திருந்தால் இந்தப் பாடு இல்லை. ஆனால் அப்பா மாயழகுவால் கீழே வர முடியாது. நுரையீரல் இரண்டும் சுருங்கிப்போய், மிளகு மூட்டைகளுக்கு நடுவே கட்டிலில் கிடந்து, சிலிண்டர் காற்றில் ஓடிக்கொண்டிருந்தது அவருடைய பொழுது. அந்தப் பாதையில் ஜீப்பில் வைத்து இறக்கினால் பாதி வழி தாங்கமாட்டார் என்று டாக்டர் சொல்லிவிட்டார், ஆவணி தாண்டுவதும் சந்தேகம்தான் என்றும் சொன்னார். ஜோதி கழுத்தில் தாலி ஏறுவதைப் பார்த்துவிட்டால் போதும் என்றார் அப்பா. அவர் இறங்க முடியாததால் கல்யாணம் ஏறுவதாக முடிவாயிற்று. மாப்பிள்ளையின் அப்பா பால்ச்சாமி நல்ல மனுஷன், முகத்தைச் சுளிக்காமல் சரி என்றார்.

வேன் பிடித்துக் கொடுப்பதாகச் சொன்னவன் தங்கமாயன். மலையில் இருபது வருடமாக ஜீப் ஓட்டுகிறவன்.

"பதினாலா? அது அந்தக் காலம்க்கா," என்றான் போனில். "இப்ப முப்பத்திரெண்டு."

"எப்படி முப்பத்திரெண்டாச்சு?"

"எப்படின்னா, கூடிருச்சு. வருசத்துக்கு மூணு கூடுது. காண்ட்ராக்ட்டுக்காரன் வேலைன்னு நெனச்சோம். நீங்கதான் ஆறு வருசமா இந்தப் பக்கமே எட்டிப் பாக்கலியே."

ஆறு வருடத்துக்கு முன் அம்மா பேச்சியம்மாவுக்கு நெஞ்சு அடைத்தபோது வாசலில் ஜீப் நின்றது, அப்பா ஏறவில்லை. வியாபாரி வந்திருக்கிறான், மிளகு எடை முடியட்டும், அரை மணி நேரம்தானே என்று களத்திலேயே நின்றார். ஒன்பதாவது வளைவில் அம்மாவின் தலை ஜெயக்கொடியின் மடியில் சரிந்தது. பதினாறாம் நாள் காரியம் முடிந்து கீழே இறங்கியவள்தான், அப்புறம் அந்தப் பாதையில் அவள் காலை வைக்கவில்லை. ஜோதியின் நிச்சயத்தைக்கூடக் கீழே மாப்பிள்ளை வீட்டில்தான் வைத்துக்கொண்டார்கள். நோட்டில் பதினான்கை அடித்துவிட்டு முப்பத்திரண்டு என்று எழுதினாள். ஆறு மணிக்குக் கேட் திறந்தால் எட்டேகாலுக்கு மேலே போய்ச் சேரலாம், ஒன்பது மணி வரை முகூர்த்தம் இருக்கிறது, மாப்பிள்ளை வேனிலேயே வேட்டி மாற்றிக்கொள்ளட்டும், சமாளித்துவிடலாம் என்று கணக்குப் போட்டாள்.

அப்புறம் அவள் பத்திரிகை வைக்கக் கிளம்பினாள். நம்மவர்களுக்குப் பத்திரிகையைத் தபாலில் அனுப்பினால் கோபம், வாட்ஸப்பில் அனுப்பினால் ஜென்மப் பகை. நேரில் போய்த் தட்டில் வெற்றிலை பாக்கு பழத்தோடு வைத்து, குங்குமம் கொடுத்து, குடும்பத்தோடு வந்துவிட வேண்டும் என்று வாயாரச் சொல்ல வேண்டும். சொன்னால் அவர்களும் வாயாரச் சொல்வார்கள். "வராம இருப்போமா? எங்க வீட்டுக் கல்யாணமில்ல? கண்டிப்பா வந்துர்றோம்." மதுரையில் முதல் நாள் பத்து வீடு. பத்து வீட்டிலும் காப்பி, பத்து வீட்டிலும் கண்டிப்பா. அவள் ஒவ்வொருவர் பெயருக்கும் ஒரு சீட் நம்பர் எழுதிக்கொண்டு, வயிறு முட்டக் காப்பியோடு பஸ் ஏறினாள்.

சாயங்காலம் தங்கமாயன் கூப்பிட்டான். "அக்கா, இன்னிக்கு எங்க போனீங்க?"

"மதுரைக்கு. ஏன்?"

"ஏழு வளைவு கூடிருச்சு. முப்பத்தொம்பது."

மறுநாள் திண்டுக்கல்லில் எட்டு வீடு, ஆறு வளைவு. அதற்கு மறுநாள் திருப்பூரில் மூன்று வீடு, மூன்று வளைவு. நான்காம் நாள் இருவருமே நோட்டையும் பாதையையும் ஒத்துப் பார்த்துக்கொண்டார்கள், பெரிய ஆராய்ச்சி எதுவும் தேவைப்படவில்லை. வருவதாக மனசில் இல்லாமல் யார் வாயால் கண்டிப்பாக வருகிறேன் என்று சொன்னாலும் நரியூத்துப் பாதையில் ஒரு வளைவு கூடியது. உண்மையாகவே வர நினைத்தவர்கள் சொன்னால் ஒன்றும் ஆகவில்லை. முயற்சி பண்றோம் என்றால் ரோடு லேசாக ஒரு பக்கம் சாய்ந்தது, பலகை முளைக்கவில்லை. தாய்மாமன் மொக்கராசு மட்டும் பத்திரிகையை வாங்கி வைத்துவிட்டு, முகத்தைக்கூடப் பார்க்காமல், "பாக்கலாம்" என்றார். அந்தச் சொல்லுக்கு மலை அசையவே இல்லை.

காலையில் பால் வண்டி இறங்கும்போது இல்லாத வளைவு மாலையில் ஏறும்போது இருக்கும். புதுசு என்று சொல்லவே முடியாது, தடுப்புச் சுவரில் பாசி படிந்திருக்கும், வெள்ளைச் சுண்ணாம்பு உதிர்ந்திருக்கும், மஞ்சள் பலகையில் எண் எழுதியிருக்கும், சுவரின் மேல் ஒரு குரங்குகூட வெகுகாலமாக உட்கார்ந்திருக்கிற தோரணையில் உட்கார்ந்திருக்கும், கீழே முதல் பலகை தொடங்கி எல்லாப் பலகையிலும் மொத்த எண்ணிக்கை தானாகவே மாறியிருக்கும். நரியூத்துக்காரர்கள் இதற்காகத் தலையில் கை வைத்துக்கொள்ளவில்லை. பால் வண்டி ஒரு மணி நேரம் முன்னதாகக் கிளம்பியது, அப்புறம் இரண்டு மணி நேரம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வேனிலேயே வீட்டுப்பாடம் முடித்தார்கள், வளைவில் எழுதிய எழுத்துக்கு வாத்தியார் மார்க் குறைக்கவில்லை. தலைசுற்றலுக்கு முகர எலுமிச்சம்பழம் விற்கிற பெண்கள் ஆளுக்கு நாலு வளைவைப் பங்கு பிரித்துக்கொண்டார்கள். நாற்பதாவது வளைவில் ஒரு டீக்கடை வந்தது, அதை ஒரு வாரத்தில் நாற்பத்தாறுக்கு மாற்ற வேண்டியிருந்தது. வனத்துறைக்காரர்கள் சங்கிலி போட்டு அளந்து பார்த்துவிட்டு, எல்லாம் வரைபடத்தில் உள்ளபடியே இருக்கிறது என்று எழுதிக்கொண்டு போனார்கள், வரைபடமும் அதற்குள் மாறியிருந்தது.

பெயர் வைக்காமல் இருப்பார்களா? திருப்பூர் சித்தப்பா வளைவு, ரயில்வே மாமா வளைவு, எல்லையில்லாமல் புகழ்ந்து பேசிவிட்டு வராமலே போகப்போகிற ஒரு பெரியப்பாவின் பெயரில் ரொம்பவும் அகலமான ஒரு வளைவு, ஒரே வீட்டில் ஒரே குரலில் சொன்ன மூன்று அக்கா தங்கைகளுக்கு ஒன்றன்மேல் ஒன்று தொற்றிக்கொண்ட மாதிரி மூன்று வளைவு. சமையல் மாஸ்டர் தினமும் மொத்த எண்ணைக் கேட்டு, அதில் பழைய முப்பத்திரண்டைத் தள்ளி, மிச்சத்துக்கு அரிசியைக் குறைத்துக்கொண்டார். இத்தனை துல்லியமாக ஒரு கல்யாணத்துக்குத் தன் வாழ்நாளில் உலை வைத்ததில்லை என்று அவருக்குச் சந்தோஷம். அந்த ஊரில் அந்த மாதம் சந்தோஷப்பட்டவர் அவர் ஒருவர்தான்.

ஏனென்றால் பத்திரிகை வைத்து முடித்த அன்று பலகையில் எழுபத்தொன்பது என்று இருந்தது. கேட் திறந்து கிளம்பினால் பதினொன்றரைக்குத்தான் மேலே போக முடியும். சிலிண்டர் கொண்டுவரும் ஜீப் வழியிலேயே நின்றுவிட்டு, ஒரு நாள் அப்பா இரண்டு மணி நேரம் காற்றில்லாமல் நீலம் பூத்துப்போனார். பால்ச்சாமி ஜெயக்கொடியைத் தேடித் திருப்பூருக்கு நேரிலேயே வந்தார்.

"தப்பா நெனைக்காதம்மா," என்றார். "பொண்ணக் கீழ கூட்டிட்டு வந்துருங்க. வத்தலக்குண்டுலயே மண்டபம் பாத்து முடிச்சிருவோம். சம்பந்திக்கு வீடியோவுல காட்டிக்கலாம்."

"அப்பா பாக்கணும்னுதான் மாமா இத்தனையும்."

"எனக்கும் ஆசதான். எங்க ஆளுக மலைன்னாலே பயந்த ஆளுக. பழையபடி பதினாலுன்னா ஏறிப்புடுவாக. ஒண்ணு கூடுதலா இருந்தாலும் ஏறமாட்டேங்கிறாக, நடுவழியில பெருகிருச்சுன்னா மாப்பிள்ளையோட மாட்டிக்கிருவோமேன்னு. ஒரு வாரம் பாக்குறேன்."

ஒரு வாரம். ஜெயக்கொடி கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டு, பத்திரிகை வைத்த வீடுகளுக்கு மறுபடியும் நடந்தாள். இந்த முறை கையில் தட்டு இல்லை. சொன்ன சொல்லை அவரவர் வாயாலேயே திரும்ப வாங்கிவிட்டால் வளைவு போய்விடும் என்று தங்கமாயன்தான் கண்டுபிடித்திருந்தான்; ரயில்வே மாமா யாரிடமோ, "அந்த மலைக்கு எவன் போவான், நான் போகல" என்று உண்மையைச் சொன்ன நேரத்தில் அவருடைய வளைவு காணாமல் போயிருந்தது, அதில் எலுமிச்சம்பழம் விற்றுக்கொண்டிருந்தவள் நேரான ரோட்டில் கூடையோடு நின்றாளாம்.

கேட்பதற்கு லேசாகத்தான் இருக்கிறது. கல்யாணத்துக்கு அழைத்தவளின் முகத்துக்கு நேராக வரமாட்டேன் என்று சொல்ல நம் ஆட்களுக்கு நாக்கு வருமா? பல்லைப் பிடுங்கச் சொன்னால் பிடுங்கித் தந்துவிடுவார்கள். மதுரையில் சௌந்தரம் அத்தை வீட்டில் முதலில் காப்பி வந்தது.

"அத்தை, நீங்க வரலேன்னா எனக்கு வருத்தமில்ல. வரமாட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும்."

"என்னடி இது கூத்து! நல்ல காரியத்துக்குக் கூப்புட்ட வாயால இப்படிக் கேக்கலாமா? மகராசியா வர்றேன். கண்டிப்பா வர்றேன்."

ஜெயக்கொடியின் போன் மணி அடித்தது. எடுக்காமலே தெரியும், எண்பது.

"அத்தை, அப்பா பாக்கணும். நீங்க இப்பச் சொன்னது அங்க ஒரு வளைவாகி நிக்குது. உங்க கால்ல விழுகுறேன்."

அவள் உண்மையிலேயே விழுந்தாள். அத்தை காலை இழுத்துக்கொண்டாள், அப்புறம் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள், அப்புறம் அழுதாள். "முட்டி தேஞ்சு போச்சுடி. மருமக தனியா எங்கயும் அனுப்பமாட்டேங்கிறா, கூடவும் வரமாட்டேங்கிறா. இத வெளிய சொல்ல முடியுமா? வரல. நான் வரமாட்டேன்." அத்தையின் இரண்டு வளைவும் போயின. ஆனால் அந்த வீட்டில் சாவு விழுந்த மாதிரி ஓர் அமைதி வந்து உட்கார்ந்தது, ஜெயக்கொடி கிளம்பும்போது போயிட்டு வர்றேன் என்று சொல்லக்கூடப் பயந்துகொண்டு தலையை மட்டும் ஆட்டினாள்.

இப்படியே வீடு வீடாக. திருப்பூர் சித்தப்பாவுக்கு வேலை போய் நாலு மாதம் ஆகியிருந்தது, சொந்தக்காரர்கள் என்ன வேலை என்று கேட்பார்கள் என்பதால் வரமாட்டார். புகழ்ந்து பேசிய பெரியப்பா, உங்கப்பன் முகத்தில் முழிக்கப் பிடிக்கவில்லை என்று இருபது வருடத்துக்கு முந்தைய வாய்க்கால் தகராறை எடுத்து வைத்தார். மூன்று அக்கா தங்கைகளுக்கும் கல்யாணம் ஆகவில்லை, இன்னொருத்தி கல்யாணத்தில் போய் உட்கார்ந்து யார் கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்வது என்று மூத்தவள் கேட்டாள். ஒவ்வொரு வரமாட்டேனுக்கும் பின்னால் ஒரு துக்கம் இருந்தது, கண்டிப்பா என்கிற சொல்லால் அதை இத்தனை நாளும் மூடி வைத்திருந்தார்கள். மூடியைத் திறந்துவிட்டு ஜெயக்கொடி அடுத்த வீட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தாள். நோட்டில் சீட்டுகளை ஒவ்வொன்றாக அடித்தாள். மூன்று வேன் இரண்டாயிற்று. இரண்டு ஒன்றாயிற்று. மாப்பிள்ளை வீட்டாரையும் சேர்த்து ஒரு வேன், அதிலும் பின்சீட் காலி. அழைத்து அழைத்துச் சேர்த்த சொந்தத்தைத் தன் கையாலேயே கலைக்கிறோமே என்று நினைத்துக்கொண்டே அடுத்த பெயரை அடித்தாள்.

ஆறாம் நாள் சாயங்காலம் பலகையில் முப்பத்திரண்டு என்று வந்து நின்றது. அதற்குக் கீழே இறங்கவில்லை.

"உங்க லிஸ்ட்ல இன்னும் யாராச்சும் பாக்கி இருக்காகளா?" என்றான் தங்கமாயன்.

"யாருமில்ல."

"அப்ப இந்தப் பதினெட்டும் பத்திரிகை வளைவு இல்லக்கா. அது முன்னாடியே உள்ளது. வருசத்துக்கு மூணு. பொங்கலுக்கு ஒண்ணு, சித்திரைத் திருவிழாவுக்கு ஒண்ணு, தீவாளிக்கு ஒண்ணு. யாரோ நாள் கெழம பாத்துச் சொல்லிருக்காக."

ஜெயக்கொடி போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். பொங்கலுக்கு முன்னால் அப்பா கூப்பிடுவார். பொங்கலுக்கு வர்றியா தாயி? கண்டிப்பா வர்றேம்ப்பா. திருவிழாவுக்கு வந்துருவியா? கண்டிப்பாப்பா. தீபாவளிக்காச்சும்? அய்யோ, கண்டிப்பா. ஆறு மூன்று பதினெட்டு. பெருக்கிப் பார்க்கத் தேவையே இல்லை.

மறுநாள் காலை ஆறு மணிக்குக் கேட் திறந்ததும் அவள் தங்கமாயனின் ஜீப்பில் ஏறினாள். ஒவ்வொரு வளைவாக வந்தது. பதினெட்டுப் பேர் செய்த காரியம் என்று நினைக்க முடிந்தால்கூடக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்; எல்லாம் அவளுடையவை, ஒன்றுக்கும் ஊர்க்காரர்கள் பெயர் வைக்கவில்லை, அவளை விட்டுக் கொடுக்கக்கூடாது என்று நினைத்தார்களோ என்னவோ. பழைய ஒன்பதாவது வளைவு இருபத்தொன்றாக மாறியிருந்தது. அங்கே தங்கமாயன் அவளைப் பார்க்காமல் கியரை மாற்றினான். அவள் மடியில் கை வைத்துக்கொண்டாள், மடி கனத்தது.

அப்பா பாதியாகிக் கிடந்தார். மூக்கில் குழாய், கட்டில் ஜன்னலோரம், ஜன்னலுக்கு நேரே எதிர்ச்சரிவில் மலைப்பாதை மொத்தமும் கிடந்தது. ஜோதி அக்காவைக் கண்டதும் அழுதுகொண்டே அடுப்படிக்குள் போய்விட்டாள். ஜெயக்கொடி கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்தாள், தலைமாட்டில் உட்கார மனம் வரவில்லை.

"அப்பா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு தாயி."

"பொங்கலுக்கு வர்றேன், தீவாளிக்கு வர்றேன்னு சொன்னேன்ல. வரணும்னே நெனைக்கலப்பா. ஒரு தடவகூட நெனைக்கல. வரமாட்டேன்னுதான் இருந்தேன்."

"தெரியும்."

"எப்படித் தெரியும்?"

அப்பா கண்ணால் ஜன்னலைக் காட்டினார். பேச்சு நடுவில் மூச்சு வாங்கிக்கொண்டு வந்தது. "நீ போன வைக்கிறதுக்குள்ள... அங்க ஒண்ணு மொளச்சிரும். வெள்ளச் சுவரோட. இங்கன படுத்துக்கிட்டுப் பாத்துக்கிட்டே இருப்பேன்."

"தெரிஞ்சும் ஏம்ப்பா ஒவ்வொரு தடவையும் கேட்டீங்க?"

"கேட்டா... நீ வர்றேன்னு சொல்லுவேல்ல. அதக் கேக்கலாம்ல."

அடுப்படியில் ஜோதி ஏதோ பாத்திரத்தை இறக்கி வைத்தாள். அப்பா, யாரும் கேட்காமலே, "அன்னிக்கு அரை மணி நேரம் நான் நின்னிருக்கக் கூடாது" என்றார். அவள், பரவாயில்லப்பா என்று சொல்லியிருக்கலாம். எல்லாப் பிள்ளைகளும் அந்த இடத்தில் அப்படித்தான் சொல்வார்கள், சொன்னால் அவருக்கும் நிம்மதி. ஆனால் அது உண்மையில்லை, மனசில் இல்லாததை வாயால் சொல்லி இந்த மலையில் இன்னொன்று முளைக்க வைக்க அவளுக்குத் தைரியம் இல்லை. "கூடாதுதாம்ப்பா" என்றாள். அவர் தலையை ஆட்டிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் முதுகை அவள் தடவிக் கொடுத்தாள், எலும்பு எலும்பாகக் கைக்குத் தட்டுப்பட்டது.

இறங்கும்போது பதினான்குதான் இருந்தது. நாற்பது நிமிடத்தில் அடிவாரம் வந்துவிட்டது. இன்னும் கொஞ்சம் நீளமாக இருந்திருந்தால் அழுது முடித்திருக்கலாம் என்று ஜெயக்கொடிக்குத் தோன்றியது.

வெள்ளிக்கிழமை விடியற்காலை வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டில் ஒரே ஒரு வேன் நின்றது. பால்ச்சாமி குடும்பம் பதினொரு பேர், மாப்பிள்ளை, ஜெயக்கொடியின் பக்கத்தில் நாலே நாலு பேர். கிளம்பப் போகிற நேரத்தில் மொக்கராசு மாமா வந்தார். தோளில் துண்டு, கையில் தாய்மாமன் சீர் வைத்த பை. யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமல், அவருக்கென்று ஒதுக்கி வைத்து எழுதிய முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். இத்தனை வீடுகளில் இத்தனை கண்டிப்பாக்களைக் கேட்டவளுக்கு அந்த மனிதர் ஒன்றுமே சொல்லாமல் வந்தது தாங்க முடியாததாக இருந்தது. அவருக்குப் பக்கத்தில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். தங்கமாயன் வேனை எடுத்தான், ஆறு மணிக்குக் கேட் திறந்தது.

பால்ச்சாமி வீட்டுப் பெண்கள் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே ஒவ்வொரு பலகையையும் சத்தமாகப் படித்தார்கள். பதினாலுல ஒண்ணு. பதினாலுல ரெண்டு. பதினாலுல மூணு. மொத்த எண் மாறாமலே இருக்க இருக்க அவர்கள் குரலில் தெம்பு வந்தது, யாரோ ஒருத்தி பாட்டுக்கூட ஆரம்பித்தாள். ஒன்பதாவது வளைவில் மொக்கராசு மாமா இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டார். அவருடைய தங்கச்சி அல்லவா போன இடம். ஜெயக்கொடியும் கும்பிட்டாள். மணி ஆறு முப்பத்தைந்து.

பதின்மூன்றாவது வளைவில் போன் வந்தது. ஜோதியின் நம்பர், ஆனால் அப்பாவின் குரல்.

"எங்க வந்துட்டீக?"

எல்லாரும் எப்போதும் சொல்கிற பதில் அவள் நாக்கு நுனிவரை வந்தது. இதோ வந்துட்டோம், பக்கத்துலதான். அதை விழுங்கிக்கொண்டு, "பதிமூணாவது வளைவுப்பா. இன்னும் பத்து நிமிசம் ஆகும்" என்றாள்.

"தெரியுது. சன்னல்ல வேன் தெரியுது." மூச்சு இழுத்தது. பின்னால் ஜோதி, பேசாதீங்கப்பா, பேசாதீங்க என்று அழுகிற சத்தம் கேட்டது. "தங்கமாயன அவசரப்படுத்தாத. மெல்ல வாங்க."

"நீங்க பேசாம இருங்கப்பா. வந்துக்கிட்டுத்தான் இருக்கோம்."

"நான் எங்க போயிறப் போறேன்?" என்றார் அப்பா. "நீ வர்ற வரைக்கும் இருக்கேன் தாயி. கண்டிப்பா இருக்கேன்."

வேன் பதினான்காவது வளைவில் திரும்பியது. அதற்கப்புறம் ரோடு நேராக ஓடி ஊருக்குள் நுழைய வேண்டும், முதல் வீட்டின் ஓடு தெரிய வேண்டும், வாழை மரம் கட்டிய பந்தல் தெரிய வேண்டும். ரோடு மறுபடியும் மலையைப் பார்த்துத் திரும்பியிருந்தது. தடுப்புச் சுவரில் பாசி படிந்திருந்தது. மஞ்சள் பலகையில் பதினைந்து என்று எழுதியிருந்தது.

பலகை படித்துக்கொண்டு வந்த பெண்கள் அதைப் படிக்கவில்லை. ஏறமாட்டோம் என்று சொன்ன ஆட்கள்தான், ஒருவரும் வேனை நிறுத்தச் சொல்லவில்லை. மொக்கராசு மாமா தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். பால்ச்சாமி மட்டும் பின்னாலிருந்து, "நிக்காம போப்பா" என்றார்.

ஜெயக்கொடி போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. அப்பா எதைப் பார்த்துக்கொண்டு அந்தச் சொல்லைச் சொன்னார் என்று அவளுக்குத் தெரியும். கட்டிலில் படுத்தபடி, ஜன்னல் வழியாக, எதிர்ச்சரிவில் வெள்ளைச் சுவரோடு அது முளைத்ததை அவரும் பார்த்திருப்பார். பொய்தான் என்று இருவருக்கும் தெரிந்திருக்க, அந்தப் பக்கத்தில் மூச்சு ஒன்று இழுத்து, நின்று, மறுபடி இழுத்தது.

"சரிப்பா," என்றாள். "இருங்க."

அப்புறம் நடந்ததை நரியூத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். எட்டு மணி முகூர்த்தத்தில் கட்டிலருகே வைத்துத் தாலி கட்டினார்கள், அப்பாவின் கண்ணை யாரும் மூடவில்லை, தாலி ஏறி மூன்றாவது முடிச்சு விழுகிற வரைக்கும் ஊரே பல்லைக் கடித்துக்கொண்டு அழாமல் நின்றது, அதற்குப் பிறகு அழுதது. மொக்கராசு மாமா மாலையை ஜோதி கழுத்தில் போட்டுவிட்டு, இன்னொன்றை மச்சினன் நெஞ்சில் வைத்தார். சமையல் மாஸ்டர் எண்ணி வைத்த உலை அப்படியே ஆறிப்போனது.

மற்ற வளைவுகளெல்லாம் சொன்னவர்கள் சொல்லைத் திரும்ப எடுத்துக்கொண்டதும் போய்விட்டன. இதைத் திரும்ப எடுத்துக்கொள்ள ஆள் இல்லை, அதனால் பாதைக்குப் பதினைந்து வளைவு என்று ஆகிவிட்டது. ஜெயக்கொடி பொங்கலுக்கும் சித்திரைக்கும் தீபாவளிக்கும் வருகிறாள், வருவதாக யாரிடமும் சொல்வதில்லை. அந்தப் பதினைந்தாவது வளைவுக்கு வந்ததும் தங்கமாயன் அவள் கேட்காமலே வண்டியை மெதுவாக ஓட்டுவான். எவ்வளவு மெதுவாக ஓட்டினாலும் மூன்று நிமிடத்தில் வளைவு முடிந்துவிடும், அப்புறம் வீடு தெரியும், சாத்திக் கிடக்கிற ஜன்னல் தெரியும்.